சுருதி ஏறியவள்

வில்யாண்டியில் தேவாலயக் கூடத்தைக் காலி செய்தபோது
நாலு யூரோவுக்கு வாங்கினேன் அந்த கேசட் டெக்கை.
"ஓடாது" என்றாள் விற்றவள்.
தெரியும்.

முப்பத்தொரு வருடமாக என்னிடம் ஒரு கணக்கு உண்டு.
அந்தக் குளிர்காலம் முழுக்க
ஆர்கன் பதிவை இதில் போட்டுத்தான் எங்களுக்குப் பாடம்.
டெக் மெதுவாக ஓடியது.
நாற்பது தொண்டைகள் தாழ்ந்த இடத்தில் பழகிப்போயின.
வீட்டுப் பியானோவில் பழகிய நான் மட்டும்
சரியான இடத்தில் நின்றேன்.
'ஏறிவிட்டாய்' என்றது குழு.

பின்பக்கம் ஆறு திருகு.
ஒன்று தலை மழுங்கியது, அதற்கே ஒரு மாலை போயிற்று.
உள்ளே பெல்ட் இல்லை.
பெல்ட் இருந்த இடத்தில் தார்:
கப்பியின் பள்ளத்தில் வழிந்து,
மோட்டாருக்கடியில் ஒரே சொட்டாக உறைந்து.
பகலில் நான் பொய்ப்பல் செய்கிறவள்,
இடுக்கிக்கும் பஞ்சுக்கும் குறைவில்லை.
ஆல்கஹால், பஞ்சுக்குச்சி, மறுபடி பஞ்சுக்குச்சி.
எழுபதுக்குப் பிறகு எண்ணவில்லை.
மறுநாள் யாருடைய கடைவாய்ப்பல்லிலோ
என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது.

பாதி துடைத்த பிறகுதான் உறைத்தது:
எவ்வளவு தளர்ந்திருந்தது என்று
சொல்லக்கூடிய ஒரே சாட்சியை
நானே துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரீகாவிலிருந்து இரண்டு பெல்ட் வந்தன.
அகலமானது சுழல்சக்கரத்துக்கு, நூல் போன்றது சுருள்களுக்கு.
முதல் தடவை முறுக்கிக்கொண்டது.
இரண்டாம் தடவை கழன்று எங்கோ பின்னால் விழுந்தது.
மூன்றாம் தடவை நான் மூச்சு விடவில்லை.

கூடவே ஒரு ஷூ பெட்டியில் பதினொரு கேசட்.
ஒன்றில் கல்யோவின் சாய்ந்த கையெழுத்து:
ஒத்திகை, பிப்ரவரி 94.

இரைச்சல். நாற்காலிகள். ஓர் இருமல்.
டீயுதான், அந்த வருடம் முழுக்க இருமினாள்.
பிறகு இசைக்கவை.
எந்தப் பதிவையும் அதைத் தட்டித்தான் தொடங்குவார் கல்யோ.
என் இசைக்கவையை முழங்காலில் தட்டிக்
காதோரம் பிடித்தேன்.
இரண்டுக்கும் நடுவே ஒரு துடிப்பு,
வவ்வவ் என்று லேசாக,
கேட்டால் போதும்.
முப்பத்தொரு வருடத்துக்கு அதுவே ரசீது.

நாலு முறை பின்னோக்கிச் சுற்றிக் கேட்டேன்.
துடிப்பில்லை.
எஃகும் எஃகும் ஒரே கோடாக நின்றன.

மோட்டாரின் முதுகில் ஒரு துளை,
உள்ளே வேகத்துக்கான திருகு.
கால் சுற்று போதும், நான் சொன்னதெல்லாம் நிஜமாகிவிடும்.
கை போனது.
அப்புறம் அடுப்பில் விறகு வைக்கப் போய்விட்டேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் வரியில்
எல்லோருக்கும் மயிரிழை மேலே ஒரு குரல்,
பல்கூச்சம் மாதிரித் தெளிவாக.
என்னுடையது.
கல்யோ நிறுத்துகிறார்.
என் நினைவில் இருந்தது ஒரு கத்தல்.
நாடாவில் இருப்பது "ஊர்வெ" மட்டும்,
சாப்பாட்டு மேசையில் உப்புக் கேட்பதுபோல.
நாற்காலி இழுபடுகிறது. காலடிகள். கதவு.
என்னை யாரும் போகச் சொல்லவில்லை.

இதற்குமேல் நான் கேட்டதே இல்லை.
வெளியே படிக்கட்டில் குனிந்து
பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

முதலிலிருந்து பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள்.
கடைசிச் சுரம் அடங்கியதும்
மறுபடி தட்டினார் இசைக்கவையை.
நாற்பது பேரும் சேர்ந்தே இறங்கியிருந்தார்கள்,
அரைச்சுரம் இருக்கும்,
கைகோத்துப் படியிறங்குகிறவர்கள் போல,
ஒருவருக்கும் தெரியாமல்.

யாரோ சிரித்தார்கள். டீயு இருமினாள்.
கல்யோ ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.
நாடா முடியும்வரை சொல்லவில்லை.
விசை தானாக மேலெழுந்தது, டக்.

ஆறு திருகும் இன்னும் தட்டில் கிடக்கின்றன,
மழுங்கியது உட்பட.
கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.