பயன்: இல்லை

படிவம் பதினேழில் மூன்று கட்டங்கள்.
பொருளின் பெயர். மின்சாரம், எத்தனை வாட். பயன்.

மூன்றாவது கட்டத்தில் எல்லாவற்றுக்கும்
இல்லை என்றே எழுதியிருந்தார் இசோகாய்.
பத்தொன்பது கருவிகள், பத்தொன்பது இல்லை.
கையெழுத்து வேறு முத்து முத்தாக.

நான் ட்சுபாமே நகரத் தீயணைப்பு நிலைய ஆய்வாளன்.
அரங்கில் எது தீப்பிடிக்கும் என்று
எல்லோருக்கும் முன்னால் பயப்படுவது என் வேலை.

சனிக்கிழமை மதியம். வெளியே முழங்கால் வரை பனி.
மேடையில் நீல மேலங்கி போட்ட இருவர்,
பம்பு பழுதுபார்க்க வந்தவர்கள் மாதிரி.
பையில் திருப்புளி. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.
தொமொயே என்பவள் கருவிகளுக்குப் பெயர் வைப்பவளாம்.
விசிட்டிங் கார்டிலேயே அப்படித்தான் போட்டிருந்தது.

ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன்.

வேக்குவம் கிளீனரின் ஊதுமுனையில் ஏழு ரப்பர் கையுறைகள்.
விசையைத் தட்டியதும் புடைத்து, விரல் விரித்து,
ஹ்ம்ம்ம் என்று முனகி
வெட்கம் வந்ததுபோல் சுருண்டுகொண்டன.
"பக்கத்து வீட்டுக்காரர்கள்," என்றாள் தொமொயே.
தொள்ளாயிரம் வாட். குறித்துக்கொண்டேன்.

சைக்கிள் சக்கரத்தில் நாற்பது கரண்டிகள்.
எங்கள் ஊர்க் கரண்டிதான், கழுத்து கோணியவை.
என் மனைவி அந்த ஆலையில் தரம் பார்க்கிறாள்.
அவள் வேண்டாமென்று தள்ளியதெல்லாம்
இங்கே மேல்ஸ்தாயியில் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது.
இதை அவளிடம் சொல்லவில்லை, இன்று வரை.

கடைசிக் கருவி இடுப்பில் கட்டுவது.
ஒரு ஸ்பிரிங், ஒரு மரக்கட்டை, ஒரு பித்தளைக் கிண்ணம்.
குனிந்தால் ஒலிக்கும்.
பதினைந்து பாகை, வழியில் பார்த்தவருக்கு: டக்.
முப்பது, வாடிக்கையாளருக்கு: டொக்.
நாற்பத்தைந்து, மன்னிப்புக்கு:
ணங்ங்ங்.
அது அடங்கவே நேரம் பிடிக்கும்.

மின்சாரம்: பூஜ்யம். பயன்: இல்லை.
"வணக்கத்துக்குமா பயனில்லை?" என்று கேட்டுவிட்டேன்.
இருபத்திரண்டு வருடத்தில்
படிவத்துக்கு வெளியே நான் கேட்ட முதல் கேள்வி.
இசோகாய் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.
"சத்தத்துக்கு இல்லை," என்றார்.

முத்திரை குத்தினேன்.

மாலையில் எழுபது பேர். பூட்ஸில் பனி உருகித்
தரையெல்லாம் சதசத.
மூன்றாவது உருப்படியில் ஒரு கையுறை
அளவு மீறி வீங்கியது. சுண்டுவிரல் வெளுத்தது.
டமார்.
கிழிந்த ரப்பர் கரண்டிச் சக்கரத்தில் சிக்க
மோட்டார் உறுமியது, மேடை விளக்கு போயிற்று.
வெளியேறும் வழி காட்டும் பச்சைப் பலகை மட்டும் எரிந்தது.
அது என் இலாகா.
டார்ச்சோடு எழுந்து நின்றேன்.
எத்தனை வருடம் காத்திருந்த கணம்!

தீ இல்லை. வெறும் ஃபியூஸ்.

டார்ச் வட்டத்துக்குள் இருவரும் வந்து நின்று
மன்னிப்புக் கேட்டுக் குனிந்தார்கள்.
ணங்ங்ங்.
யாருக்கோ சிரிப்புப் பீறிட்டது.
சிரிக்க வைத்ததற்காக மறுபடி குனிந்தார்கள்.
ணங்ங்ங்.
அரங்க மேலாளர் நுகாதா ஓடிவந்து குனிந்தார்.
அவர் இடுப்பில் ஒன்றுமில்லை. பாவம் என்று
தொமொயே அவர் பங்குக்கும் ஒரு டொக் போட்டாள்.
முன்வரிசைப் பல்மருத்துவர் எழுந்து
யாரையோ மன்னித்ததுபோல் தலை தாழ்த்தினார். டக்.
பிறகு வரிசை வரிசையாய், இருட்டில்,
யார் யாரிடம் எதற்கு என்றே தெரியாமல்
எழுபது முதுகுகள்.
மேடையில் அந்த இரண்டு இடுப்புகளும்
மூச்சு வாங்க வாங்க
ஒவ்வொருவருக்கும் ஈடு கொடுத்தன.

நான் மட்டும் குனியவில்லை.
டார்ச் ஆடக்கூடாதே.

திங்கட்கிழமை அறிக்கையில் எழுதினேன்:
சேதம், கையுறை ஒன்று, ஃபியூஸ் ஒன்று.
அதிகாரி மேஜை முன் குனிந்தேன். சரியாக முப்பது பாகை.

சத்தமே வரவில்லை.

நிமிராமல் இன்னும் ஒரு நொடி காத்திருந்தேன்.
"என்ன, இடுப்புப் பிடித்துக்கொண்டதா?" என்றார் அவர்.