கருப்பூர்ப் பனி

காஷ்மீர் போகப் பணம் பத்தவில்லை.
பம்பாயிலிருந்து வந்த கக்கர் சாப்
கருப்பூர் வெள்ளைக்கல் மேட்டைப் பார்த்ததும்
செருப்பைக் கழற்றினார்.
சித்திரை வெயில். கதாநாயகிக்குக் கம்பளிச் சால்வை.
நடுங்கு, என்றார் இந்தியில்.
அவளுக்கு வியர்த்ததைக்
கண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

எனக்குக் காலடித் தடம் அழிக்கும் வேலை.
ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால்
வேப்பங்குழையோடு பின்பக்கமாக நடந்து நடந்து
யாருமே வராத இடமாக்க வேண்டும்.
ஒருநாள் ஒரு தடம் விட்டுப்போனது.
திட்டுக்குத் தயாராக நின்றேன்.
இருக்கட்டும், அது அவள் அப்பா போன வழி, என்றார்.
கதையில் அப்பாவே கிடையாது.
மறுநாள் இருந்தார்.

ஏழு படம். நான்கு படுத்துவிட்டன.
ஒன்று இன்னும் பெட்டியில்.
எங்கள் பனி மட்டும் லக்னோவில் இருபத்தைந்து வாரமாம்.
அவர் செத்ததை ஜலந்தர் தாபா ரேடியோ சொன்னது,
இரண்டு பாட்டுக்கு நடுவில்.

சங்ககிரி லாரி, ஜவ்வரிசி லோடு.
பனிஹால் தாண்டி வண்டிகள் நின்றன.
இறங்கி மிதித்தேன்.
டீசல் புகையில் கறுத்து, ஓரமெல்லாம் சொதசொதவென்று.
கக்கர் சாப் இதற்கு ஓகே சொல்லியிருக்க மாட்டார்.

ஏறப்போனவன் திரும்பினேன்.
லாரிவரைக்கும் என் தடம்.
கை தானாகக் குழையைத் தேடியது.

கிளீனர் ஹாரன் அடித்தான்.