தொண்ணூறு மில்லி

குழாய் நாற்பத்தொன்று நான்தான்.
பெயர் எழுதக் கூடாதாம், ஆய்வின் விதி.
மூடியின் மேல் நீல மையில் தேதி,
அதற்குக் கீழே
"ஊசிக்கு முன்."

பாயான் லெப்பாஸ், பத்து மணி இடைவேளை.
தொழுகை அறைக்கும் அட்டைப்பெட்டிக் குவியலுக்கும் நடுவே
திரை போட்ட ஒரு மூலை.
முகமூடி, முடியுறை, கணுக்கால் வரை வெள்ளை அங்கி
ஒவ்வொன்றாய்க் கழற்றுகிறேன்.
ஒரு தூசு விழுந்தால் ஒரு சில்லு பாழ் என்று
காலை ஏழு மணியிலிருந்து
இருமலைக்கூட விழுங்கி வைத்திருந்தேன்.
இங்கே உட்கார்ந்ததும்
மார்பு என்னைக் கேட்காமலே சொட்டுகிறது.

இந்தப் பாலில் கிருமிகள் இருக்கின்றன,
இருக்கவும் வேண்டும் என்றார்
ஆய்வுக்கூடத்து டாக்டர் தவப்பிரியா.
ஸ்டெஃபிலோ, ஸ்ட்ரெப்டோ,
இன்னும் வாயில் நுழையாத பெயர்கள்.
நான் சிரித்துவிட்டேன்.
ஒரு தூசுக்குச் சம்பளம் பிடிப்பவர்கள்
இதைக் கேட்டால்?

பத்தரைக்குப் பூன் கியாட் வருவான்.
மோட்டார் சைக்கிளின் பின்னால் பனிப்பெட்டி,
கைப்பிடியில் யாருக்கோ தாப்பாவ் செய்த மீ கோரேங்.
குழாயை இரண்டு கையாலும் வாங்குவான்,
பெருநாள் அங்பாவ் வாங்குவதுபோல.

இரண்டாவது ஊசி போட்ட இரவு காய்ச்சல்.
இடது கை தோளோடு கழன்று கிடந்தது.
சுங்கைப் பட்டாணியிலிருந்து நாத்தனார்:
"மருந்து இறங்கியிருக்கும். அதக் குடுக்காத,
கீழ ஊத்திடு."
ரைபிள் ரேஞ்ச், பதினான்காம் மாடி,
சமையலறைத் தொட்டி.
ஊற்றினேன்.
தொண்ணூறு மில்லி.
ஓட்டையைச் சுற்றி ஒரு நொடி வெள்ளையாய் நின்றது,
பிறகு இறங்கியது,
ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குப் பின்னாலும்.
மாவுப்பால் கலக்கினார் முகிலரசு.
கவின்மதி புட்டியைத் தள்ளிவிட்டு
என் கழுத்தைச் சப்பினாள்.

மறுநாள் கிளினிக்கில் தாதி ரொஹைசா திட்டவில்லை.
ஊசிக்குப் பிறகும் கொடுக்கலாம் என்று சொன்னேனே
என்றுகூடக் கேட்கவில்லை.
"சாயாங்," என்றார்.
மலாயில் அதற்கு அன்பு என்றும் பொருள்,
ஐயோ வீணாய்ப் போயிற்றே என்றும் பொருள்.
எதைச் சொன்னார் என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் கழித்து முடிவைக் காட்டினார்கள்.
எதிர்ப்பொருள் கோடு
கொடிமலை ரயில் மாதிரி சாய்ந்து ஏறுகிறது,
பிறகு மெல்ல இறக்கம்.
கிருமிகளுக்குத் தனிப் படம்:
ஊசிக்கு முன் என்ன நிறங்களோ
பின்னும் அவையே,
கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய.
எங்கள் மாடிக் குடித்தனக்காரர்களும் இப்படித்தான்.
லிஃப்ட் கெட்டாலும் தண்ணீர் நின்றாலும்
ஒருவரும் வீடு மாறுவதில்லை.
"எல்லாத் தாய்க்கும் இப்படியா?"
"நாற்பத்தெட்டுப் பேரை வைத்து
அப்படிச் சொல்ல முடியாதுங்க," என்றார் டாக்டர்.

கோட்டில் ஓர் இடத்தில் புள்ளி இல்லை.
அந்த இரவு.
முந்தின புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு
கோடு தாண்டிப் போயிருந்தது,
வாய்க்காலைத் தாண்டுகிற கால்போல.
முதல் ஊசியில் வந்த எதிர்ப்பொருள்
அதிலும் இருந்திருக்கும் என்றார்,
நான் கேட்டதால்.
தொட்டிக்குள், குழாய்க்குள்,
பதினான்கு மாடி...
வேண்டாம்.

இடைவேளை முடிந்தது.
அங்கியை மாட்டி, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து,
காற்றுக் கதவுக்குள் கை தூக்கி நிற்கிறேன்.
சுவரில் தூசு எண்ணும் கருவி
பச்சை நிறத்தில் பூச்சியம் காட்டுகிறது.
உள்ளே, சட்டையில், ஒரு சொட்டு கசிந்து
இருபது காசு அளவுக்கு விரிகிறது,
அத்தனை குடித்தனத்தோடும்.