அடிக்கணக்கு

வேலூர் ரோட்டு கிளினிக். டோக்கன் ஒன்பது.
ராத்திரி எட்டரைக்கு அடைத்த வயிறு
இன்னும் திறக்கவில்லை.

சட்டையில் ஜெயசுதா என்று எழுதியிருந்த பெண்
விரலைத் துடைத்தாள்.
"சுருக்குனு இருக்கும், பயப்படாதீங்"
சிரிப்பு வந்துவிட்டது.

இருபத்திரண்டு வருசமாய் ரிக் வண்டியில் ட்ரில்லர்.
திருச்செங்கோட்டில் ஏறினால் பஸ்தரில் இறங்குவேன்.
ஆறரை இஞ்சு பிட்டை
அடுத்தவன் காட்டில் இறக்கி
ஆயிரம் அடி போயும் புகை மட்டும் பறந்ததைப்
பார்த்து நின்றிருக்கிறேன்,
காட்டுக்காரன் மூஞ்சியைப் பார்க்காமல்.

என் விரலில் ஒரு நூல் ஆழம்தான்.
உடனே ஊற்று.

"நூத்தி எழுபத்தொண்ணுங்"

"ஒண்ணுமே திங்கலீங்களே"
களவு கொடுத்தவன் குரலில் கேட்டேன்.

டாக்டர் கௌசிகா சீட்டில் இருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்:
நீங்க திங்கலீங்க.
வெடியால நீங்க எந்திரிக்கோணும்னு
ஈரல் அதோட குடோனைத் திறந்து
சர்க்கரையை எறக்குது.
எல்லாத்துக்கும் அப்படித்தான்.
மத்தவங்களுக்கு இன்சுலின் போய்ப் போதும்னா
கேட்டுக்கும்.
உங்க ஈரலுக்குக் காது மந்தம்.

காது மந்தம் எனக்குப் புரியும்.
இடது காது பாதி, கம்ப்ரசர் தின்றது.
அது ஓடும்போது நிறுத்து என்று
தொண்டை கிழியக் கத்தினாலும்
பத்தடியில் நிற்பவனுக்குக் கேட்காது.
கையைத்தான் ஆட்ட வேண்டும்.
அந்த வெள்ளை மாத்திரை
கையாட்டுகிற ஆள் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவைக்கு மூன்று நாள் பட்டினி கிடந்து போனேன்.
பரீட்சைக்கு முந்தின ராத்திரி படித்தவன் மாதிரி.
நூற்றிப் பன்னிரண்டு!
வளர்மதிக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டேன்.
டாக்டர் கையில் வேறொரு தாள்:
மூன்று மாசச் சராசரி, எட்டு புள்ளி ஒன்பது.
ஒரு நாள் அடி கூட்டி எழுதலாம்,
ஓனர் டீசல் கணக்கைப் பார்த்தால்
தெரிந்து போகும் இல்லையா, அந்த மாதிரி.

இப்போது கொண்டாகாவில் கேம்ப்.
கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் மெசின்.
லாக் புத்தகத்தின் முன்பக்கம் ராடு எண்ணிக்கை,
கேசிங் எத்தனை அடி, தண்ணி எத்தனை இஞ்சு.
கடைசிப் பக்கத்தில் நான்.
149. 156. 141.
கேசிங் இறக்கி முடித்துப் பதினொன்றரைக்குத்
தட்டு நிறையச் சோறு தின்ற மறுநாள்
188, பக்கத்தில் ஒரு கெட்ட வார்த்தை.

ஒன்பது டீயை மூன்றாக்கியது
நான் செய்ததிலேயே பெரிய வேலை.
முப்பது வருசமாய் விடாத பீடி கூட
அவ்வளவு கெஞ்சவில்லை.

சாப்பிட்டதும் வண்டியைச் சுற்றி நடக்கிறேன்.
முப்பது சுற்று.
பைத்தியம் என்று பசங்கள் சிரிக்க,
பாம்பு இருக்கும் என்று
சுக்ராம் மட்டும் டார்ச்சோடு கூட வந்தான்.
ராடு மாற்றுகிற பையன். முப்பத்தொரு வயசு.
ராத்திரி நாலு தடவை எழுந்து
ஒதுங்கப் போவது எனக்குத் தெரியும்.

நேற்று விடிகாலை.
என்னுடையது 134.
எழுதிக்கொண்டிருக்கும்போதே விரலை நீட்டினான்.
கிரீஸ் போகச் சோப்புப் போட்டு இருமுறை கழுவச் சொல்லி,
புது ஊசி மாற்றிக் குத்தினேன்.

212.

ராத்திரி எதுவும் சாப்பிடவில்லையே என்றான்
அவன் பாசையில்.
அதே குரல்.

நான் ஈரல் என்றேன், கலேஜா என்றேன்,
வயிற்றின் வலப்பக்கம் தொட்டுக் காட்டினேன்.
கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.
கேட்கவில்லை என்று காதைப் பிடித்தான்.

கையை ஆட்டினேன்.

தலையசைத்துவிட்டு
ஓடிப்போய் கம்ப்ரசரை நிறுத்தினான்.
அறுநூறு அடி, பாதிப் பாறை.
ஓனருக்குத் தெரிந்தால் திட்டுவார்.

"உட்காரு" என்றேன்.