ஏழரை விரல்

வாயில் நாலு குண்டூசி இருக்கும்போது
தாஹிரா அனுப்பிய படம் வந்தது.
பழைய நோட்டின் ஒரு பக்கம், ஓரமெல்லாம் கரையான்.
எழுத்து அரபி. உதட்டை அசைத்தால் தமிழ்.
அசைக்க முடியாமல் மனசுக்குள்ளே படித்தேன்:

“கயிற்றின் முடிச்சைப் பல்லில் கடி.
பலகையின் கீழ்விளிம்பைக் கடல்மேல் வை.
மேல்விளிம்பில் ஜாஹ் வந்து உட்கார்ந்தால்
அது உன் ஊர்.”

எழுதியவர் அபூஸாலிஹ் மாலுமி.
சுஹாரில் ஒரு முஅல்லிமிடம் கேட்டுக்கொண்டதாம்.
முஅல்லிம் என்றால் ஓதிக் கொடுப்பவர்.
எத்தனை அலை அடித்து, எத்தனை வாய் மென்று
அது மாலுமி ஆகியிருக்கும்.

அந்தக் காலத்தில் பாக்தாதில்
வானத்தைப் பித்தளைத் தட்டாக அடித்தார்கள்.
மீனுக்கு மீன் பேர் வெட்டி, சுழலவிட்டு,
அரண்மனைகளுக்கு விற்றார்கள்.
குதிரை ஏற்றி வருகிறவனுக்கு அந்த விலை கட்டாது.
அவனுக்கு உள்ளங்கை அளவு பலகை,
நடுவில் ஓட்டை, ஓட்டையில் கயிறு,
கயிற்றில் துறைமுகங்கள்.
கல்ஹாத் ஒரு முடிச்சு. ஏடன் ஒரு முடிச்சு.
காயல் கடைசியில், பலகைக்கு வெகு தூரத்தில்.
எங்கள் ஊருக்கு அதில் பேர் இல்லை,
“வெள்ளாற்று வாய்” என்றுதான் இருக்கிறது.
பறங்கி வரவில்லை, பேட்டையும் கிடையாது.
முடிச்சு மட்டும் இருந்திருக்கிறது,
யாரோ ஒருத்தன் எச்சிலில் ஊறி.

ரவிக்கைத் துணி சுற்றி வந்த அட்டையை வெட்டினேன்.
மச்சானுக்கும் அளவு சொன்னேன்,
“நாலு இஞ்சு, பிசகக் கூடாது.”
அவர் சுஹாரில், இழுவைப் படகில், கிரீஸ் கையோடு,
“உனக்குத் தைக்க வேலை இல்லையா” என்றார்.
மூன்று நாள் கழித்து
பிஸ்கட் பெட்டியில் ஒன்று வெட்டிக்கொண்டார்.

இஷா தொழுதுவிட்டு அன்னங்கோயில் கரைக்குப் போனேன்.
வடக்கே அனல்மின் நிலையத்து வெளிச்சம்
அடிவானத்தைக் கறைத்துணி ஆக்கி வைத்திருக்கிறது.
அதற்குக் கொஞ்சம் மேலே ஜாஹ்.
மங்கல்தான். ஆனால் அசையவில்லை.
வலைக்காரர் ரெண்டு பேர் என்னவென்று கேட்டார்கள்,
கயிறு கடித்து நிற்கிற பொம்பளையை.
பல்லில் ஊர் இருந்ததால் பதில் சொல்லவில்லை.

என் கயிறு பத்தொன்பதரை இஞ்சு.
அவருடையது ஒன்பதுகூட இல்லை.
வடக்கே போகப் போகக் கயிறு குறையும்,
அதுவும் நோட்டில் இருந்தது.
அதே நோட்டின் கணக்கைப் போட்டுப் பார்த்தால்
எங்களுக்கு நடுவில் ஏழரை விரல்.
“ஏழரையா, அதுதானே பார்த்தேன்” என்று சிரித்தார்,
அன்றைக்குத்தான் லீவை மூன்றாம் தடவையாக மறுத்திருந்தார்கள்.

ஏழரை விரல்.
ஒரு கையும் மறு கையில் பாதியும்.

ஆனால் ஜாஹ் வடக்கு தெற்குதான் சொல்லும்.
கிழக்கு மேற்கு கேட்டால் கை விரித்துவிடும்.
அந்தத் தூரத்தை ஸாம் என்று எண்ணியிருக்கிறார்கள்,
விழித்திருந்த நேரத்தை வைத்து.
வாயில் ஊசி இல்லாதபோது உரக்கப் படித்தேன்.
ஸாம். சாமம்.
நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும்,
இங்கிருந்து கப்பல் ஏறி, அரபு பேசப் பழகி,
வீட்டு ஞாபகம் வந்து திரும்பியது.

செல்போனைப் பார்த்தேன். இங்கே பதினொன்று,
சுஹாரில் ஒன்பதரை.
ஒன்றரை மணி நேரம் என்பது அரைச் சாமம்.
மெஷினுக்கு உறை போட்டு விளக்கை அணைத்தேன்,
அவருக்கு இன்னும் அந்த அரைச் சாமம் மிச்சம்.

மாடியில் நின்று
என் கயிற்றிலேயே அவர் முடிச்சையும் போட்டேன்.
இருட்டில் கைக்கு நன்றாகத் தெரிகிறது.
ஒரே ஒரு தடவை அதைக் கடித்துப் பார்த்தேன்.
அட்டை கண்ணுக்குக் கிட்டே வந்து
நட்சத்திரத்தை மறைத்துவிட்டது.