ஆணிக் கணக்கு

இருபத்தொரு டிகிரி.
இதைக் குளிர் என்று சொன்னால்
ஊட்டிக்காரன் சிரிப்பான்.
சிரிக்கட்டும்.
எங்களுக்கு மங்கி குல்லா, மஃப்ளர்.
ஜெசிந்தாவுக்கு மட்டும்
மகன் கனடாவிலிருந்து அனுப்பிய கையுறை.
பனி அள்ளச் செய்தது
பெரம்பூரில் சருகு அள்ளுகிறது.

மார்கழி ஞாயிறு, ஆறு மணிக்கு முன்
கேட்டைத் திறந்துவிடுகிறார் ஏகாம்பரம்.
மாநகராட்சிப் பூங்கா, ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.
ஊஞ்சல் மூன்று,
சங்கிலியோடு இருப்பது ஒன்று.
போன மாதப் புயலில் சாய்ந்த சரக்கொன்றையை
கயிறு கட்டி நிமிர்த்தியிருக்கிறோம்.
கை ஒடிந்தவனைப்போல் கட்டோடு நிற்கிறது,
எப்போது பிரிப்பீர்கள் என்று கேட்காமல்.

குழுவுக்குப் பெயர் வைப்பதில் மூன்று வாரம் போனது.
பூங்கா நண்பர்கள் என்றார் காஜா மொய்தீன்.
"பூங்காவுக்கு எதுக்குங்க நண்பர்கள்,
பெருக்க ஆள் இருந்தாப் போதாதா" என்றாள் தவமணி.
பெயரில்லாமலே துடைப்பம் வாங்கினோம்.

இன்றைக்கு வேலை: ஆணி.

பதினேழு மரம். ஒவ்வொன்றிலும்
மூலம் பௌத்திரம், போர்வெல்,
முப்பதே நாளில் ஆங்கிலம்,
சிங்கிள் பெட்ரூம், சைவம் மட்டும்.
கைக்கு எட்டுவதைக் குறடு எடுக்கும்.
வளைந்ததற்குச் சுத்தியலின் பின்பக்கம்.
வெளியே வரும்போது ஒரு சத்தம்,
பல் பிடுங்கும் நாற்காலியில்
நம் தலைக்குள்ளேயே கேட்குமே, அது.
துளையில் வேப்பெண்ணெயும் மஞ்சள்தூளும்.
உள்ளங்கை மஞ்சளோடு
கல்யாண வீட்டுக்காரர்கள்போல் திரிகிறோம்.

தூங்குமூஞ்சி மரத்தில்
புயல் கிழித்த கொடிக்குப் பின்னால்
ஒரு தகரம்.
பாதியை மரம் தின்றிருந்தது.
பட்டை உதடுபோல் மூடியது போக
மிச்சம் படிக்க முடிந்தது:
…த்தாம் வகுப்பு கணக்கு
…று சதவீதத் தேர்ச்சி
போன் நம்பரில் கடைசி நான்கு எண்.

மீதி ஆறும் எனக்கு மனப்பாடம்.

பதினைந்து வருடம் முன்பு
வேலை போன ஜூன் மாதம்,
ஒரு பழைய மொபெட், ஒரு பை ஆணி,
இரவு பதினொன்றுக்கு மேல்
நாய்களுக்கு பிஸ்கட் போட்டுப் போட்டு அடித்தேன்.
அறுபது தகரம். தகரத்துக்கு நான்கு.
வந்த பிள்ளைகள் பதினொன்று,
தேறியது ஒன்பது.
நூறு சதவீதம் என்று எழுதியபோது
மாணவர் யாருமே இல்லை.
பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால்
விடையாக எதையும் வைத்துக்கொள்ளலாம்,
கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா.

"யாரு சார் இவன், இவ்வளவு உசரம் ஏறி?"
கீழே ஏணியைப் பிடித்திருந்த தவமணி.
ஏணிமேல் நிற்பவனுக்கு
காது கேட்காமல் போகும் உரிமை உண்டு.

மூன்று வந்தது.
நான்காவது தலை ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது.
"விட்டுடுங்க" என்றார் காஜா,
"தோண்டினா காயம் பெரிசாகும். மரம் பாத்துக்கும்."
மஞ்சளைக் குழைத்து அப்பினேன்,
தேவைக்கு அதிகமாக.

டீ வந்தது.
ஜெசிந்தா நோட்டில் எழுதினாள்:
மரம் பதினேழு, ஆணி நானூற்றுப் பன்னிரண்டு.
பதின்மூன்று என்று போடச் சொன்னேன்.
"ஒண்ணு எங்க?"
"உள்ள இருக்கு."

அடுத்த வாரம் எந்தத் தெரு என்று பேச்சு வந்ததும்
வாய் தானாகத் திறந்தது:
தபாலாபீஸ் எதிர்ப் புங்கம்,
ரேஷன் கடை வேம்பு, இரண்டு பக்கமும்,
பள்ளிக்கூட மதிலை ஒட்டி
வரிசையாக ஏழு மரம்,
ஏழாவதில் மட்டும் கொஞ்சம் உயரத்தில்…

எல்லோரும் டீயை ஊதிக்கொண்டிருந்தார்கள்.
தவமணி மட்டும் ஊதவில்லை.
கடைசி வாயைக் குடித்து
கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அஞ்சரைக்கே வந்துடுங்க, சார்.
ஏணிய நான் எடுத்தாறேன்."