கழிவு

நாலு நாள் வேலை. நாளுக்கு எண்ணாயிரம்,
பகல் சாப்பாடு அவர்கள் செலவு.
ஹனோயிலிருந்து ஒருத்தி, ஒஸ்லோவிலிருந்து ஒருவர்,
கொழும்பிலிருந்து கோப்புகளோடு இருவர்.
நடுவில்
வாயை மட்டும் வாடகைக்கு விட்ட நான்.

கிண்ணியாப் பாலம் தாண்டும்போது
ஒஸ்லோக்காரர் கண்ணாடியை இறக்கினார்,
உடனே ஏற்றினார்.
"எங்களுக்கு மணக்கிறல்ல" என்றார் சாரதி.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு குழாய்
தம்பலகாமக் குடாவுக்குக் கஞ்சி வார்த்தபடி இருந்தது.
மஞ்சளாய், புளித்து, குமிழி விடுகிற கஞ்சி.
மட்டி பொறுக்கும் பெண்கள்
அந்த இடத்தைச் சுற்றிப் போய்ப் போய்ச்
சேற்றில் வளைந்ததொரு பாதை விழுந்திருந்தது.
ஒஸ்லோக்காரர் குழாயைப் படமெடுத்தார்,
மூன்று கோணத்தில்.

முதலாளி லாபிர் தேநீரோடு வந்தார்.
"கழிவு பற்றிப் பேச வந்திருக்கிறார்கள்" என்றேன்.
கல்குலேட்டரை எடுத்தார்:
"எத்தின வீதம் தாறாங்க?"
சிரிப்பை விழுங்கினேன்.
ஒரே சொல்தான் எங்களிடம்,
கடைக்காரன் விலையில் விடுவதற்கும்
கடலில் நாங்கள் விடுவதற்கும்.

ஹனோய்க்காரி ஹுவோங் குழாயைப் பார்க்கவே இல்லை.
எதிர்த் திசையில் நடந்தாள்,
தண்ணீர் உள்ளே வருகிற பக்கம்.
சுத்திகரிப்புத் தாங்கிக்கு விலை பேசிக்கொண்டிருந்த
கொழும்பு இருவரும்
சப்பாத்து நனையப் பின்னால் ஓடினார்கள்.

ஊறல் தொட்டிகள் ஆறு.
ஆறிலும் பைப் திறந்தே கிடந்தது.
"ஒரு மூடை நெல்லுக்கு எவ்வளவு தண்ணீர்?"
முகாமையாளர் முதலாளியைப் பார்த்தார்.
முதலாளி மானியைப் பார்த்தார்.
மானிக்குள் குளவிக்கூடு.

அப்போதுதான் பொயிலரடியிலிருந்து
உமித்தூசைத் தட்டிக்கொண்டு வந்தான் சித்திரவேல்.
"தொட்டி நிரம்பி வழிஞ்சா ஒரு கோடு போடுவன், மிஸ்."
சுவரைக் காட்டினான்.
கரிக்கோடுகள்.
ஐந்தைந்தாக, கட்டுக்கட்டாக,
மழை எட்டாத உயரத்தில்,
ஆறு வருசம்.

ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?
"ஆரும் கேக்கல்ல."

ஹுவோங் அந்தச் சுவரின் முன் நெடுநேரம் நின்றாள்.
பிறகு, மேக்கொங் கரை ஆலையொன்றைப் பற்றிச் சொன்னாள்.
ஒரு தொட்டியின் கடைசித் தண்ணீரை
அடுத்த தொட்டியின் முதல் தண்ணீராக்க
பதினொரு வருசம் எடுத்ததாம்.
தேவைப்பட்டது ஒரு பம்ப்;
மிச்சமெல்லாம் சண்டை.
"நாங்கள் பிழைவிட்ட இடங்களை மட்டும்
கொண்டுவந்திருக்கிறேன்" என்றாள்,
"மற்றதெல்லாம் விமானத்தில் பாரம்."

மாசு தோன்றுமிடத்திலேயே தடுத்தல் என்று
அவள் ஆங்கிலத்தில் சொன்ன ஒற்றைச் சொல்லுக்கு
நான் தமிழில் நாலு வார்த்தை தேடித் திக்கினேன்.
சித்திரவேல் கேட்டான்:
"பைப்பைப் பூட்டுறதானே?"

அறிக்கையில், இணைப்பு நான்கு:
'தளத்தில் பெறப்பட்ட தரவுகள்'.
தமிழ்ப் பிரதி என் கையில் இருந்தது.
'சித்திரவேலின் சுவர்' என்று எழுதிவைத்தேன்.
ஒருவரும் வெட்டவில்லை.
தமிழ்ப் பிரதியை ஒருவரும் படிக்கவில்லை என்பதும்
காரணமாக இருக்கலாம்.

பம்ப் வந்து எட்டு மாதம் களஞ்சியத்தில் கிடந்தது,
ஒரு கையெழுத்துக்காக.
உலகமே நங்கூரம் போடலாம் என்கிற ஆழத் துறைமுகம்;
எங்கள் மேசைகள் மட்டும் தரைதட்டும்.

போன மாதம் லாபிர் அழைத்தார்.
கிணற்று மோட்டருக்கு டீசல் பாதிதானாம்.
"இப்பதான் விளங்குது புள்ள,
கழிவெண்டா இதான்."

பார்க்கப் போனேன்.
சுவரில் அந்த மாதக் கோடுகள் இரண்டு.
குழாய் இன்னும் வார்க்கிறது, மெல்லிசாய்.
பெண்கள் இன்னும் வளைந்துதான் போகிறார்கள்;
கால்கள் அறிக்கை படிப்பதில்லை.

திரும்பும்போது பாலத்தில்
கண்ணாடியை முழுக்க இறக்கி
மூச்சை இழுத்துப் பார்த்தேன்.
ஒன்றும் மணக்கவில்லை.
எனக்கு ஒருநாளும் மணந்ததில்லை.